குவாண்டம் பென்டன்ட் விற்க வந்தால் வாங்காதீர்கள்

அம்மாவின் முழங்கால் வலிக்கு என்று தூரத்துச் சொந்தத்தில் ஒரு சித்தப்பா வந்து, 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு குவாண்டம் பென்டன்ட் என்று ஒரு கறுப்பு வட்டக் கல்லைக் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் வியாபாரம்தான். எரிமலைக் கல், ஸ்கேலார் எனர்ஜி என்று ஏதோ ஒரு சக்தி, செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும் என்று வாய் ஓயவில்லை. அம்மாவை நிற்க வைத்து, நீட்டிய கையை அழுத்தினார், அம்மா சாய்ந்தார். கல்லைக் கொடுத்து அழுத்தினார், சாயவில்லை. முதல் தடவை உடம்பை விட்டு வெளிப்பக்கமாக, அடுத்த தடவை உடம்பை நோக்கி அழுத்தினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும், கல்லே வேண்டாம், வீட்டில் செய்து பாருங்கள்.

அப்புறம் ஒரு சின்ன மீட்டரைக் கல்மேல் வைத்து, "பாரு தம்பி, எதிர்மின் அயனி எவ்வளவு காட்டுது!" என்றார். அயனி என்றால் மின்னூட்டம் ஏறிய அணு. எனக்கு ஆத்திரம் இங்கேதான். பேட்டரியும் இல்லாமல் சும்மா கிடக்கும் கல் காற்றை நாள் முழுக்க அயனியாக்குகிறது என்றால் அதிலிருந்து கதிர்வீச்சு வருகிறது என்றுதானே அர்த்தம்? அதைத்தான் அவர் அத்தாட்சியாகக் காட்டியிருக்கிறார், நானும் தலையாட்டியிருக்கிறேன்.

இயற்பியல் படிக்கும் அக்கா மகன் கல்லூரி ஆய்வகத்தில், கதிர்வீச்சைக் காட்டும் கைகர் கவுண்டர் பக்கத்தில் வைத்ததும் சடசடவென்று அடித்துக்கொண்டதாம். இந்த மாதிரிக் கற்களில் கலப்பது தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உள்ள மோனசைட் தூள், நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிற அதே கனிமம். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படிப்பட்ட பத்துப் பொருள்களுக்குத் தடை போட்டது. அதில் குழந்தைகளுக்கான கைவளையமும் ஒன்று. வெளிவரும் அளவு குறைவுதான், ஆனால் இரவும் பகலும் வருடக்கணக்கில் தோலோடு ஒட்டிக் கிடந்தால் பாதிக்கலாம் என்றார்கள். அம்மா குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

சித்தப்பாவைக் கேட்டேன். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று விற்றவர், "கொஞ்சமா இருந்தா உடம்புக்கு நல்லதுப்பா, ஜப்பான்ல ரேடான்னு கதிரியக்க வாயு கலந்த ஊற்றுல குளிக்கிறாங்களே" என்று பிளேட்டைத் திருப்பினார். சரி, அமெரிக்காவில் ஈபன் பையர்ஸ் என்ற பணக்காரர், கதிரியக்கம் உள்ள ரேடியம் கலந்த தண்ணீரை மருந்தென்று ஆயிரம் பாட்டிலுக்கு மேல் குடித்து, தாடை எலும்பே அரித்துப்போய் 1932-ல் செத்தார். இந்தக் கல் அவ்வளவு வீரியமில்லைதான், ஆனால் அவருக்கும் நல்லது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

பணம் திரும்ப வரவில்லை. தூள் பறக்கும் என்பதால் கல்லை உடைக்கவும் கூடாது, தோரியம் பாதியாகக் குறையவே 1,400 கோடி வருடம் ஆகும். மூடி போட்ட டப்பாவில் மொட்டை மாடி அறையில் வைத்திருக்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அம்மா மட்டும் அவ்வப்போது மாடியைப் பார்த்து, "நாலாயிரத்து ஐந்நூறு ரூபாடா" என்கிறார்.