சோலைச் சருகில் சிற்றுண்ணி தேட: கைலென்ஸா, நுண்ணோக்கியா?

கொடைக்கானலின் சோலைகள் எனப்படும் மலைக்காடுகளில் சருகைச் சலித்து வெள்ளைத் தட்டில் கொட்டினால், நகரும் புள்ளிகள் யாவும் முதற்பார்வைக்கு, சிலந்தியின் நுண்ணிய உறவினரான சிற்றுண்ணிகளாகவே தெரியும். இரண்டு மில்லிமீட்டரை எட்டாத சிலந்திகளும், போலித்தேள்களும், சிலந்தியைப் போன்ற நெடுங்கால் உயிரான ஓபிலியோனின் குஞ்சுகளும் அவற்றினூடே கலந்திருக்கும். இவற்றைப் பிரித்தறிய 10 மடங்கு கைலென்ஸ், கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி நுண்ணோக்கி, இரு கண்களாலும் பார்க்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கி ஆகிய மூன்றையும் கையாண்டபின் நான் கைலென்ஸையே வைத்துக்கொண்டேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

விலையையும் எடையையும் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதே கேள்வி. சிலந்தியின் தலைமார்பும் வயிறும் மெல்லிய இடையால் பிரிந்திருக்கும். சிற்றுண்ணிக்கு இடை இல்லை. ஒரே உருண்டையான உடலின் முன்புறம் வாயுறுப்புகள் சிறு மூக்குபோல நீண்டிருக்கும். ஓபிலியோனுக்கும் இடை கிடையாது. ஆனால் வயிற்றில் குறுக்குக் கோடுகள் தெரியும். போலித்தேளை அதன் இடுக்கிகளே காட்டிக்கொடுத்துவிடும். மிகவும் ஏமாற்றுபவை ஊனோப்பிடே குடும்பச் சிலந்திகள்: பலவற்றுக்கு ஆரஞ்சு நிறமும் வயிற்றின்மேல் கெட்டியான தகடும் இருப்பதால், ஓடு கொண்ட சிற்றுண்ணி என்றே மேலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். பக்கவாட்டில் ஒளி விழும்படி தட்டைச் சாய்த்தால் இடை புலப்படும். அதற்கு 10 மடங்கே போதும்.

யூஎஸ்பி நுண்ணோக்கியின் ஒரே பெரும் நன்மை படம் எடுக்க முடிவது. அட்டையில் அச்சிட்ட 1000 மடங்கு என்பதை நம்ப வேண்டாம், திரையின் அளவைப் பொறுத்து அந்த எண் மாறும். தவிர, ஓடும் உயிரைக் குவியத்துக்குள் நிறுத்துவதே பெரும்பாடு. காகிதத்தால் ஆன ஃபோல்ட்ஸ்கோப் என்ற நுண்ணோக்கியோ, மெல்லிய பொருளை ஊடுருவிவரும் ஒளியில் பார்ப்பதற்கானது. முழுச் சிலந்தி அதில் வெறும் கருநிழலாகிவிடும்.

தெளிவில் ஸ்டீரியோவுக்கு நிகர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். வடகிழக்குப் பருவமழையில் இம்மலையில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து தங்கும். ஈரக்காற்றில் நாள்கணக்காக இருக்கும் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்து, அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்துவிடும். ஸ்டீரியோவின் உள்ளே பல வில்லைகளும் முப்பட்டகங்களும் இருப்பதால், அங்கே பூஞ்சை பிடித்தால் பிரித்துத் துடைப்பது நம் கைக்கு எட்டாத வேலை. பழுதுபார்க்கச் சமவெளிக்குத்தான் இறங்க வேண்டும். காற்றுப்புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு வைத்து, அவற்றின் நீலம் வெளிறி இளஞ்சிவப்பாகும்போதெல்லாம் சூடாக்கி உலர்த்தலாம் என்பது உண்மையே, ஆனால் மழைக்காலம் முழுவதும் இதைத் தவறாமல் செய்யும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு? கைலென்ஸையோ சட்டைப்பையில் உடற்சூட்டிலேயே வைத்திருக்கலாம், வெளிப்பரப்பை மென்துணியால் துடைத்துவிடலாம். தோலுறையில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு அதுவே வீடாகும்.

சிற்றுண்ணிகளுக்குள்ளேயே இனம் பிரிக்க விரும்புவோருக்கு இந்த மூன்றுமே பெரும்பாலும் போதாது. கண்ணாடித் தகட்டில் பதப்படுத்தி, கூட்டு நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். 20 மடங்கு கைலென்ஸில் எனக்குப் பழக்கம் குறைவு. பொருளை ஏறத்தாழ ஒன்றேகால் சென்டிமீட்டர் நெருங்க வேண்டியிருப்பதால் நம் நிழலே அதன்மேல் விழுகிறது. சோலையின் மங்கிய வெளிச்சத்துக்கு 10 மடங்கையே வாங்குங்கள்.