மெஷின் வந்துவிட்டது, பம்பிங் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு மாஸ்க் வழியாகக் காற்று செலுத்தும் மெஷின் இது. காலையில் போன் செய்தால் மாலையில் அதோடு ஆள் வீட்டுக்கே வந்துவிடுகிறார். வெளிநாட்டில் தூக்கப் பரிசோதனைக்கே மாதக்கணக்கில் காத்திருந்து பழகிய நமக்கு இது நம்ப முடியாத வேகம். அந்த வேகத்தில்தான் கேட்க வேண்டிய கேள்வி விடுபட்டுப்போகிறது.

அப்பாவுக்கு இதய ஸ்கேனான எக்கோவில் பம்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம்தான். தூக்கத்தில் மூச்சு நிற்பதற்கு ஆதாரமாக இருந்தது, விரலில் மாட்டும் கருவி இரவெல்லாம் பதிந்த ஆக்சிஜன் வரைபடம் மட்டும். எக்கோ ரிப்போர்ட்டைப் பார்க்காமலேயே, "மூச்சுக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும், இதுதான் டாப் மாடல்" என்று கொண்டுவந்து வைத்தது ஏ.எஸ்.வி. மெஷின்; மூச்சு குறையும்போது தானே அழுத்தத்தைக் கூட்டிக் காற்றைத் தள்ளும் வகை.

விரல் கருவி ஆக்சிஜன் இறங்கியதைச் சொல்லும், ஏன் இறங்கியது என்று சொல்லாது. தொண்டை அடைத்து மூச்சு நின்றால், மார்பும் வயிறும் காற்றுக்காக முண்டிக்கொண்டே இருக்கும். மூளையிலிருந்து கட்டளையே வராமல் நின்றால் இரண்டும் அசையாது. இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த இரண்டாவது வகை நிறைய வரும். மூச்சு படிப்படியாக ஏறும், இறங்கும், நிற்கும், மறுபடி ஏறும். ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் கரியமில வாயுவின் அளவு மாறியது மூளைக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. அதற்குள் தேவைக்கு மேல் மூச்சு வாங்கி, வாயு மிகவும் குறைந்து, மூச்சு நின்றுவிடுகிறது. எந்த வகை என்று பிரித்தறிய மார்பிலும் வயிற்றிலும் பெல்ட், மூக்கில் காற்றோட்டம் அளக்கும் குழாய், மூன்றும் உள்ள பரிசோதனை வேண்டும்.

ஏன் இத்தனை வற்புறுத்தல்? இதயம் பலவீனமானவர்களிடம் ஏ.எஸ்.வி.யைச் சோதித்து 2015இல் வெளிவந்த செர்வ்-எச்எஃப் ஆய்வில் 1,325 நோயாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் பம்பிங் 45 சதவீதம் அல்லது அதற்குக் கீழே, மூச்சு நிறுத்தங்களில் பெரும்பாலானவை மூளைக் கட்டளை வராத வகை. ஏ.எஸ்.வி. போட்டவர்களுக்கு நிறுத்தங்கள் நன்றாகவே குறைந்தன, ஆனால் இதயக் காரண மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடியது. பின்னர் வந்த அட்வென்ட்-எச்எஃப் ஆய்வில் வேறு மாதிரி ஏ.எஸ்.வி. அப்படித் தீங்கு செய்யவில்லை. ஆயுளையும் கூட்டவில்லை. ஆகவே பம்பிங் குறைந்தவருக்கு இதயமருத்துவரைக் கேட்காமல் இந்த மெஷினைப் போடவே கூடாது. வெளிநாட்டில் மருந்துச்சீட்டில் மெஷினின் வகையும் அழுத்தமும் எழுதியிருக்காவிட்டால் பெட்டியையே திறக்க மாட்டார்கள். அந்தக் கெடுபிடியைத் திட்டிய வாய்தான், இங்கே அதைத் தேடுகிறது.

மாஸ்கிலும் இதே அலட்சியம். வந்தது ஐ.சி.யூ.வில் இரட்டைக் குழாய் வென்டிலேட்டருக்குப் போடுவது, மூச்சு வெளியேறும் துளையே கிடையாது. வீட்டு மெஷினில் ஒரே குழாய்தான். விட்ட மூச்சு அதிலேயே தங்கி, கரியமில வாயுவைத் திரும்ப இழுக்க வைக்கும். மெஷினை ஓடவிட்டு, முகம் படும் பக்கத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு, துளை இருக்கும் பக்கம் மறு கையை நீட்டினால் காற்று இடைவிடாமல் கையில் பட வேண்டும். பட்டால்தான் முகத்தில் மாட்டலாம்.

தொண்டை அடைக்கும் வகை என்று உறுதியானால், ஒரே அழுத்தத்தில் காற்று செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் போதும். பம்பிங் குறைந்தவருக்கு அதையும் அழுத்த எண் 4 முதல் 20 வரை தானாக ஏறி இறங்க விட்டுவிட்டுப் போகக் கூடாது. பரிசோதனையில் கண்டுபிடித்த ஒரே அழுத்தத்தில் நிலையாக வைக்க வேண்டும். அழுத்தம் கூடினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும், பி.பி. இறங்கித் தலைசுற்றும்.

முன்பெல்லாம் நம் குடும்ப டாக்டர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்கும் அந்த வீக்கத்தைப் பார்ப்பது பயன்படும். பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்கும். நீர் மாத்திரையைச் சரிசெய்து தலைமாட்டை உயர்த்தினாலே சிலருக்கு நிறுத்தங்கள் குறையும்.

வெளிநாட்டில் மெஷின் தினமும் கிளினிக்குக்குத் தகவல் அனுப்பிவிடும். இங்கே பெரும்பாலும் மெமரி கார்டை நாமேதான் எடுத்துப் போக வேண்டும். முதல் வாரம் முடிந்ததும் கொண்டுபோய் மூன்று எண்களைக் கேளுங்கள்: மணிக்கு எத்தனை நிறுத்தங்கள் மிச்சம், அவற்றில் மூளை வகை எத்தனை, மாஸ்கில் கசிவு எவ்வளவு. மூளை வகை குறையாமல் இருந்தால் அழுத்தத்தை ஏற்றச் சொல்லாமல் இதயமருத்துவரிடம் போங்கள்.