ஒரே திரையில் இருவகை மினுக்கல்: புதிய ஓஎல்இடி லேப்டாப் குறித்து ஒரு மதிப்புரை

இங்கே மதிப்பிடப்படும் லேப்டாப் 14 அங்குல ஓஎல்இடி திரையும், 2880 × 1800 பிக்சல் தெளிவும், 120 ஹெர்ட்ஸ் ரெஃப்ரெஷ் ரேட்டும் (நொடிக்கு 120 முறை படம் புதுப்பிக்கப்படும் வேகம்) கொண்டது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. இன்டெல் பிராசசருக்குள்ளேயே அமைந்த கிராஃபிக்ஸைக் கொண்டு விண்டோஸ் 11-இல் இயங்குகிறது. தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். நான் விவரிக்கப்போகும் குறைகள் ஒரு நிறுவனத்துக்கோ ஒரு மாடலுக்கோ மட்டும் உரியவை அல்ல. இதே வகைப் பேனலும் (படம் காட்டும் திரைத் தகடு) இதே வகை டிரைவரும் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) உள்ள எந்தக் கணினியிலும் அவை தலைகாட்டக்கூடும். கீபோர்டு நன்றாக இருக்கிறது, டச்பேட் தாராளமாக இருக்கிறது, எழுத்து வேலையின்போது ஃபேனின் ஓசை காதில் விழுவதே இல்லை. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இதை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்ற கேள்வியை எழுப்பியது திரை ஒன்றுதான்.

முதல் பார்வைக்கு இது மிக அழகான திரை. ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வதால், கறுப்பு சாம்பல் பூசாமல் முழுக் கறுப்பாகவே தெரிகிறது. சிறிய எழுத்துகளும் விளிம்பு சிதறாமல் நிற்கின்றன. ஆனால் விண்டோஸை அமைத்து முடித்த அன்றே, நீண்ட ஆவணம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கையில், திரை முழுவதும் ஒரு கணம் மங்கி மீண்டது. கையை எடுத்துவிட்டுப் படிக்கும்போதும், படித்த பின் கர்சரை அசைக்கத் தொடங்கும்போதும் இது திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது ஒருமுறைகூட நிகழவில்லை. பேட்டரியில் இயங்கும்போது மிகுந்தது. சார்ஜரைச் செருகினால் குறைந்தது. புதிய லேப்டாப்பில் மினுக்கலைக் காண்பவர்கள் எதையும் மாற்றுவதற்கு முன் இத்தகைய விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், முடிந்தால் கைபேசியில் வீடியோவாகவும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். எப்போது மினுக்குகிறது என்பதைவிட எப்போது மினுக்கவில்லை என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தயாரிப்பாளரின் உதவி மையத்தில் முதலில் பேசியவர், எந்தக் கேள்வியும் கேட்காமல், கணினியை ஃபேக்டரி ரீசெட் செய்யுமாறு கூறினார். இந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. ரீசெட் செய்தால், கணினி தயாரிப்பாளர் முன்கூட்டியே நிறுவி வைத்த அதே மென்பொருள் தொகுப்புக்குத் திரும்புகிறது. குறை அந்தத் தொகுப்பில் உள்ள டிரைவரில் இருந்தால் அதுவும் கூடவே திரும்பி வரும். இதற்கிடையில் திருப்பி அனுப்புவதற்கான கெடுவில் ஒரு பகுதி கரைந்துபோகும். ரீசெட் கடைசி வழிகளில் ஒன்றாக இருக்கலாம். காரணத்தைக் கண்டறியும் முதல் படியாக அது இருக்கவே கூடாது.

முதல் படி மிக எளியது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, திரை மினுக்கும்போது அந்த ஜன்னலும் சேர்ந்து மினுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனமே பரிந்துரைக்கும் சோதனை இது. டாஸ்க் மேனேஜர் அசையாமல் இருக்க மற்றவை மட்டும் மினுக்கினால் ஏதோ ஒரு செயலியைச் சந்தேகிக்கலாம். அதுவும் சேர்ந்து மினுக்கினால் டிஸ்ப்ளே டிரைவரைச் சந்தேகிக்கலாம். பிரவுசரில் மட்டும் மினுக்கல் தெரிந்தால், அதன் அமைப்புகளில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை (படம் வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதியிடம் ஒப்படைக்கும் வசதி) அணைத்துப் பார்ப்பதே போதுமானதாக இருப்பதுண்டு. எனக்கு டாஸ்க் மேனேஜரும் சேர்ந்தே மங்கியது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் பெறும். திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும். இடையில் சிக்கிக்கொண்ட டிரைவரை விடுவிக்க அது உதவும், ஆனால் இந்தக் குறையை அது தொடவில்லை.

அடுத்து, குறை மென்பொருளிலா வன்பொருளிலா என்பதைப் பிரிக்க வேண்டும். கணினியைத் தொடங்கும்போது, விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் நுழைந்து சற்று நேரம் காத்திருப்பது நல்ல வழி; அங்கே விண்டோஸும் இல்லை, அதன் டிரைவரும் இல்லை. அங்கேயும் மினுக்கினால் பேனலையோ, மதர்போர்டிலிருந்து கீல் வழியாகப் பேனலுக்குச் செல்லும் கேபிளையோ சந்தேகிக்க வேண்டும். மூடியை மெல்லத் திறந்து மூடும்போது, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் திரை துடித்தாலோ கோடுகள் தோன்றினாலோ, அது பெரும்பாலும் கேபிளின் இணைப்புதான். அந்த நிலையில் டிரைவரோடு போராடி நேரத்தைச் செலவிட வேண்டாம், கணினியை மாற்றித் தரும்படி கேட்பதே முறை. எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்ப்பது மற்றொரு சோதனை. இரண்டு திரைகளும் மினுக்கினால் கிராஃபிக்ஸ் பகுதியிலோ டிரைவரிலோ குறை இருக்கலாம். உள்திரை மட்டும் மினுக்கினால் குறை அந்தத் திரையையோ அதற்கே உரிய இணைப்பையோ சார்ந்தது. என் லேப்டாப் பயாஸில் அமைதியாக இருந்தது, எந்தக் கோணத்திலும் மாற்றம் இல்லை, வெளித்திரையிலும் மினுக்கல் இல்லை. மிகத் தேவையானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடிலும் மினுக்கல் மறைந்துவிட்டது. அங்கே இன்டெல் டிரைவருக்குப் பதிலாக மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் இயங்குகிறது. ஆகவே பேனல் நலமாக உள்ளது என்றும், அந்தப் பேனலை இன்டெல் டிரைவர் நடத்தும் விதத்தில்தான் கோளாறு என்றும் தெளிவாயிற்று.

ரெஃப்ரெஷ் ரேட்டை 120-லிருந்து 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றியபோது மினுக்கல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. காட்சியில் உள்ளதைப் பொறுத்து வெளிச்சத்தை மாற்றும் விண்டோஸ் அமைப்பையும் அணைத்துப் பார்த்தேன். அந்த அமைப்பால் வரும் மாற்றம் வேறு மாதிரியானது: வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கத்துக்குச் செல்லும்போது வெளிச்சம் மெதுவாக ஏறி இறங்கும், வெட்டென்று மங்காது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உண்மையான காரணம் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்னும் மின்சேமிப்பு வசதி. லேப்டாப்பின் உள்திரையை இணைக்கும் இடிபி என்ற தரநிலையின் 1.3 பதிப்பில், 2011-இல், இது சேர்க்கப்பட்டது. திரையில் காட்சி மாறாமல் நிற்கும்போது கிராஃபிக்ஸ் பகுதி அதே படத்தை நொடிக்குப் பலமுறை அனுப்பிக்கொண்டிருப்பது வீண் என்பதால், அது அனுப்புவதை நிறுத்திவிடும். பேனல் தன் சொந்த நினைவகத்தில் வைத்திருக்கும் கடைசிப் படத்தைத் தானே காட்டிக்கொண்டிருக்கும். கர்சர் அசைந்ததும் கிராஃபிக்ஸ் பகுதி விழித்துக்கொண்டு மீண்டும் பொறுப்பேற்கும். இந்தக் கைமாற்றம் நேரம் தவறாமல் நடந்தால் பயனருக்கு ஒன்றும் தெரியாது. பேனலின் கட்டுப்பாட்டுச் சிப்பும் டிரைவரும் நேரக் கணக்கில் ஒத்துப்போகாவிட்டால், கைமாறும் ஒவ்வொரு முறையும் திரை மினுக்கும். படிக்கும்போது மினுக்கியதும், வீடியோவின்போது மினுக்காததும் இதனால்தான்; வீடியோவில் காட்சி ஓயாமல் மாறுவதால் இந்த வசதி வேலைக்கே வருவதில்லை. வெளித்திரை இந்த இணைப்பைப் பயன்படுத்தாததால் அது தப்பித்தது.

இன்டெல் கிராஃபிக்ஸ் கமாண்ட் சென்டர் என்ற அமைப்புச் செயலியில், சிஸ்டம் பகுதியின் பவர் பக்கத்தில் இதற்கான சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்த உடனேயே இந்த மினுக்கல் முற்றிலும் நின்றது. பிறகு, லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை நிறுவி, சுவிட்சை மீண்டும் போட்டுப் பார்த்தேன். மினுக்கல் வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் அறவே மறையவில்லை. எனவே அணைத்தே வைத்திருக்கிறேன். இதனால் பேட்டரி சற்று விரைவாகத் தீர்கிறது, ஆனால் படிக்கும் கண்ணுக்கு அந்த விலை தகும். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: டிரைவர் புதுப்பிக்கப்படும்போது இந்த அமைப்பு பழைய நிலைக்கே திரும்பிவிடக்கூடும். மினுக்கல் திடீரென மீண்டும் தோன்றினால் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். புதிய டிரைவரே தொல்லை தருவதாகத் தெரிந்தால், டிவைஸ் மேனேஜரில் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் வாய்ப்பும் உண்டு.

இதோடு முடிந்திருந்தால் இந்த லேப்டாப்புக்கு நல்ல மதிப்பெண் கொடுத்து நிறுத்தியிருப்பேன். ஆனால் இதே திரையில் இரண்டாவது மினுக்கல் ஒன்று இருக்கிறது. அது வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த டிரைவராலும் மாறுவதில்லை. தயாரிப்பாளர் அதைக் குறையாகவே கருதுவதில்லை. வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு, கைபேசியின் ஸ்லோ மோஷன் கேமராவால் திரையைப் பார்த்தால், கரிய பட்டைகள் வரிசையாக ஓடுவது தெரிகிறது. கேமரா இல்லாமலும் சோதிக்கலாம். இருட்டறையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, அதன் முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டினால், ஒரே மங்கலான நிழலுக்குப் பதிலாகத் தனித்தனியாக எண்ணக்கூடிய பல பென்சில்களின் நிழல்கள் தோன்றும். திரை தொடர்ந்து ஒளிரவில்லை, அணைந்து அணைந்து எரிகிறது என்பதற்கு அதுவே சான்று.

பல்ஸ் விட்த் மாடுலேஷன், சுருக்கமாகப் பிடபிள்யூஎம், என்று இந்த முறையை அழைக்கிறார்கள். ஓஎல்இடி பிக்சல்களுக்கு மிகக் குறைந்த மின்னோட்டம் கொடுத்தால் அவை ஒன்றுக்கொன்று சீராக ஒளிர்வதில்லை. நிறம் திரிகிறது, திட்டுத்திட்டாகத் தெரிகிறது. அதைத் தவிர்க்க, மின்னோட்டத்தைப் போதிய அளவில் வைத்துக்கொண்டு, பிக்சல் அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டி வெளிச்சத்தைக் குறைக்கிறார்கள். இறக்க இறக்க இருண்டிருக்கும் நேரம் கூடுகிறது. லேப்டாப்களில் வரும் பல ஓஎல்இடி பேனல்கள் இதை நொடிக்கு 240 முறை செய்கின்றன. சில புதிய பேனல்களில் இந்த எண் 480, 960 என உயர்ந்திருக்கிறது. இவ்வளவு வேகத்தில் கண் தனித்தனித் துடிப்பைக் காண்பதில்லை. ஆயினும் ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குக் கண் தாவும் அந்தச் சிறு நேரத்தில் துடிப்புகள் விழித்திரையில் தனித்தனி இடங்களில் பதிகின்றன. பலர் இதை உணர்வதே இல்லை. சிலருக்குக் கண் எரிச்சலும் தலைவலியும் வருகின்றன. இரவில் மங்கிய வெளிச்சத்தில் நீண்ட நேரம் படிக்கும்போது எனக்குக் கண் அயர்ச்சி வெளிப்படையாகவே தெரிந்தது. அதே வேலையைப் பழைய ஐபிஎஸ் திரையில் (பின்னொளியால் ஒளிரும் எல்சிடி வகை) செய்தபோது அந்த அயர்ச்சி இல்லை.

இந்த 240 என்ற எண்ணை எடைபோட ஓர் அளவுகோல் இருக்கிறது. மின், மின்னணுப் பொறியாளர்களின் சர்வதேச அமைப்பான ஐஇஇஇ 2015-இல் வெளியிட்ட 1789 என்ற பரிந்துரை, எல்இடி விளக்குகளின் துடிப்பு எந்த அளவுக்குள் இருந்தால் இடர் குறைவு என்பதை வரையறுக்கிறது. 90 ஹெர்ட்ஸுக்கும் 1250 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட துடிப்புகளுக்கு, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம், சதவீதக் கணக்கில், துடிப்பெண்ணை 0.08-ஆல் பெருக்கி வரும் அளவைத் தாண்டக்கூடாது. 240-க்கு அது 19.2 சதவீதம். முழுவதும் அணைந்து எரியும் திரையின் ஏற்ற இறக்கமோ 100 சதவீதம்; அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்தும் இடர் குறைவு என்று கொள்ள, துடிப்பு 1250 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்க வேண்டும். அந்தப் பரிந்துரை விளக்குகளுக்காக எழுதப்பட்டது, திரைகளுக்காக அல்ல. ஆனாலும் முகத்துக்கு நேரே மணிக்கணக்கில் வைத்துப் பார்க்கும் ஒளிமூலத்துக்கு அதைவிடத் தளர்ந்த அளவுகோல் போதும் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தீர்வு என்று முழுமையாக ஒன்றும் இல்லை. தணிக்கும் வழி உண்டு. திரையின் வெளிச்சத்தை உயர்வாகவே வைத்துவிட்டு, படத்தின் ஒளியை மென்பொருளால் குறைப்பதே அது. இந்த லேப்டாப்போடு வரும் தயாரிப்பாளரின் செயலியிலேயே இதற்கான அமைப்பு இருக்கிறது, ஆனால் அணைக்கப்பட்ட நிலையில், எளிதில் கண்ணில் படாத ஒரு பக்கத்தில். அதை இயக்கிய பின் கேமராவில் கரிய பட்டைகள் மெலிந்த கோடுகளாகிவிட்டன, இரவு வாசிப்பும் எளிதாயிற்று. இதற்கும் விலை உண்டு: இருண்ட காட்சிகளில் நிழல்களின் நுண்ணிய படிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. புகைப்படம் திருத்துபவர்கள் வேலை நேரத்தில் அதை அணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

என் உண்மையான மனக்குறை விவரப் பட்டியலைப் பற்றியது. நிற வரம்பு, உச்ச வெளிச்சம், ரெஃப்ரெஷ் ரேட் எல்லாம் அதில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. திரை நொடிக்கு எத்தனை முறை அணைந்து எரிகிறது என்ற எண் மட்டும் இல்லை. வாங்குபவரின் கண்ணைத் தொடும் எண் அதுதான். டிரைவர் குறையை நான் மன்னிக்கிறேன், ஏனெனில் அது திருத்தக்கூடியது, திருத்தமும் பாதி வந்துவிட்டது. தெரிந்தே செய்த ஒரு வடிவமைப்புத் தெரிவைச் சொல்லாமல் விற்பதை அப்படி எடுத்துக்கொள்ள இயலாது.

உதவி மையத்தில் இரண்டாவதாகப் பேசியவர் முறையாக விசாரித்தார், என் குறிப்புகளையும் வீடியோவையும் பெற்றுக்கொண்டார், வாரண்டியில் பேனலை மாற்றித் தரவும் முன்வந்தார். நான் மறுத்துவிட்டேன், வரப்போவது அதே வகைப் பேனல் என்பதால் இரண்டாவது மினுக்கல் அப்படியே இருக்கும், முதலாவதற்கோ பேனல் காரணமே அல்ல. பகலில் நல்ல வெளிச்சத்தில் வேலை செய்பவர்களுக்கும், படங்களோடும் வீடியோவோடும் புழங்குபவர்களுக்கும், பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷை அணைத்துவிட்டு இந்த லேப்டாப்பைப் பரிந்துரைக்கிறேன். இரவில் மங்கலான திரையில் நெடுநேரம் எழுதுபவர்களும் படிப்பவர்களும், துடிப்பில்லாமல் வெளிச்சத்தைக் குறைக்கும் ஐபிஎஸ் திரை உள்ள மாடலைத் தேடுவது நல்லது. காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பின் வெளிச்சத்தைக் கால் பங்குக்கு இறக்கி, கைபேசியின் ஸ்லோ மோஷனில் ஒரு நிமிடம் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். கடைக்காரர் அதற்கு மறுப்புச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை.