பிளாட்டினமா, ஹால் சென்சாரா, டிரான்சிஸ்டர் பெட்டியா?

பழைய பெட்ரோல் அம்பாசடருக்கு பிளாட்டினத்தையே (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி, ஸ்பார்க்குக்கான மின்னோட்டத்தை வெட்டும் முனைகள்) வைத்துக்கொள்வதா, ஹால் சென்சார் போன்ற எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவதா என்று கேட்பவர்கள் இரண்டு வழிகளை மட்டுமே எண்ணுகிறார்கள். இடையில் மூன்றாவது ஒன்றும் உண்டு: டிரான்சிஸ்டர் பெட்டி. கும்பகோணத்தில் நிற்கும் என் வண்டிக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசலில் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

பழைய முறையின் குறை தெரிந்ததுதான். ஸ்பார்க்குக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயிலின் மின்னோட்டம், ஏறத்தாழ நான்கு ஆம்பியர், முழுவதும் பிளாட்டினம் வழியே போவதால் முனைகள் கருகிக் குழி விழுகின்றன.

ஹால் சென்சார் வந்தால் பிளாட்டினமே போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கேமின் மேல் ஒரு காந்த வளையம், பிளாட்டினம் இருந்த தட்டின் மேல் காந்தத்தை உணரும் சிறு கருவி, காயிலுக்கு இரண்டு ஒயர். உரசித் தேய எதுவுமில்லை. ஆனால் அதற்கு முழு 12 வோல்ட் வேண்டும். காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் பாலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியில், அந்த ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்தே ஒயர் எடுக்க வேண்டும். பேட்டரியின் பிளஸ், மைனஸை மாற்றி இணைத்தால் கருவி கருகிவிடும். எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்தே வைப்பதும் ஆபத்து. எனக்கு இதில் நேரடிப் பழக்கம் குறைவு. உறவினர் ஒருவரின் பத்மினி காரில் பார்த்ததோடு சரி. அது இதுவரை தொல்லை தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நான் மாட்டியது டிரான்சிஸ்டர் பெட்டி. பிளாட்டினம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் வழியே போவது கால் ஆம்பியர் அளவுதான். காயிலைத் திறந்து மூடும் பாரத்தைப் பெட்டி ஏற்றுக்கொள்கிறது. முனை கருகுவதில்லை. ஆனால் கேமில் உரசும் பிளாட்டினத்தின் குதிகால் தேயத்தான் செய்யும். தேய்ந்தால் முனைகளின் இடைவெளி குறைந்து டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கும். கேமுக்குத் துளி கிரீஸ், இடைவெளியை அளக்க 0.015 அங்குல ஃபீலர் கேஜ் தகடு, இரண்டும் தொடர வேண்டும். குறைந்த மின்னோட்டத்தில் முனைமேல் படியும் எண்ணெய்ப் படலம் தானாக எரிந்துபோவதில்லை. வண்டி நெடுநாள் நின்றால் பெட்ரோல் தோய்த்த துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு வேலை இருந்தும் இதை விரும்பக் காரணம் ஒன்றுதான்: வழியில் நின்றுபோனால் என்ன செய்வது? மன்னார்குடியிலிருந்து முத்துப்பேட்டைக்குப் போகும் சாலையில், இரவில், ஹால் கருவி உயிரை விட்டால் மெக்கானிக் வந்தும் பயனில்லை; அதைத் திறந்து பழுது பார்க்க வழியில்லை. பிளாட்டினம் உள்ள பழைய தட்டை டிக்கியில் வைத்திருக்கலாமே என்பார்கள். வைத்திருக்கலாம், மழையில், டார்ச் வெளிச்சத்தில், அதை மாட்டி இடைவெளி வைத்து, டைமிங்கும் பார்க்க வேண்டும். என் வண்டியில் பழைய முறைக்குத் தேவையான கண்டன்சரை (முனையில் பொறி பறப்பதைக் குறைப்பது) கழற்றி எறியாமல் தனி இணைப்பில் விட்டிருக்கிறேன். பெட்டி செத்தால் ஒயர்களை இடம் மாற்றிச் செருகினால் பழைய முறைக்கே திரும்பிவிடலாம். பிறகு சிக்கல் பிளாட்டினத்தில் என்றால், ஒரு துண்டு உப்புத்தாளோடு எந்த ஊர்ப் பட்டறையிலும் ஆள் இருக்கிறார்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோத்தால் மூன்றும் ஒன்றுபோலப் படுத்துக்கொள்ளும். அதற்கு எந்தப் பெட்டியும் மருந்தில்லை.

மாட்டுகிறவர்கள் பெட்டியை எக்ஸாஸ்ட் சூட்டிலிருந்து தள்ளி வையுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து வண்டியென்றால் எர்த் ஒயரை பாடித் தகட்டில் முறுக்காமல் எஞ்சின் பிளாக்கிலேயே, பெயின்டைச் சுரண்டிவிட்டு முறுக்குவது நல்லது. உப்புக்காற்று தகட்டு இணைப்பைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது.