நடந்தால் போன் சார்ஜ் ஆகுமா? மாத்தூர் பாலத்தில் ஒரு சோதனை

திருவட்டாரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர். காலை நாலு மணிக்கே தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார். பாதி வெட்டில் லைட் மங்கிவிடுகிறது என்று ஒருநாள் குறைப்பட்டார். அந்த நேரம் பார்த்து இந்த இன்சோல் விளம்பரம் கண்ணில் பட்டது. ஷூவுக்குள் வைத்து நடந்தால் போதும், போன் சார்ஜ் ஆகுமாம். 1,899 ரூபாய். வாங்கிவிட்டேன்.

துணி மாதிரி வளைகிறது, காலை உறுத்தவில்லை. அது வரைக்கும் சரி. உள்ளே பி.வி.டி.எஃப் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம். அழுத்தம் மாறும்போது மட்டும் கரண்ட் தரும். மிதித்தபடி நின்றால் ஒன்றும் வராது. வோல்ட் எகிறும், கரண்ட்தான் நூல் போல வரும்.

இன்சோலோடு வந்த, கணுக்காலில் கட்டும் பெட்டியில் போனை இரண்டு நாள் சொருகிப் பார்த்தேன். ஒரு பர்சென்ட் ஏறவில்லை. பிறகு பெட்டியைக் கழற்றிவிட்டு, கரண்டை ஒரே திசையில் விடும் நாலு டயோடும், அதைச் சேர்த்து வைக்கும் 1,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போட்டு, மீட்டரோடு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனேன். பாலம் 384 மீட்டர் நீளம். வலது காலில் மட்டும் மாட்டி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நடந்ததும் 5 வோல்ட். கீழே பரளியாற்றைப் பார்க்காமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு வருகிறவனைச் சுற்றுலா வந்தவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

அந்த 5 வோல்ட்டில் கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் 0.0125 ஜூல். ஒரு எல்.ஈ.டி கண் சிமிட்டும், அவ்வளவுதான். 5,000 எம்.ஏ.எச் பேட்டரிக்கு 66,000 ஜூலுக்கு மேல் வேண்டும். இரண்டு காலிலும் மாட்டி, ஒரு துளிகூட வீணாகாது என்று வைத்தாலும், பாலத்தை 26 லட்சம் தடவைக்கு மேல் கடக்க வேண்டும்! 1998இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி ஆய்வாளர்கள் ஷூவுக்குள் இதே வகைப் படலம் வைத்துப் பார்த்தார்கள். கிடைத்தது சராசரியாக ஒரு மில்லிவாட் அளவுதான். அதை வைத்து ஒரு சின்ன ரேடியோ சிக்னல் அனுப்பினார்கள். போன் சார்ஜ் ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை.

அப்பா செருப்புதான் போடுவார். என் பழைய ஷூவை ஒருநாள் மாட்டிவிட்டேன். "மக்கா, அப்போ மரத்துல நின்னு வெட்டுத நேரத்துல கரண்டு வராதாக்கும்?" என்று கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் மழை. ஒயர் இணைப்பில் ஈரம் ஏறி, வந்துகொண்டிருந்ததும் நின்றது.

சார்ஜருக்கென்று வாங்காதீர்கள். ஆனால் படலம் நல்ல சாமான். ஒன்றை வெட்டியெடுத்து, பேட்டரி பெல்லோடு இணைத்துக் கடை மிதியடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆள் மிதித்தால் பெல் அடிக்கிறது. பூனை வந்தாலும் அடிக்கிறது. அப்பாவின் ஹெட்லைட்டுக்கு 250 ரூபாயில் புது செல் போட்டாயிற்று.