மாநாடா, முதல்நிலைத் தேர்தலா?

அமெரிக்க அதிபர் வேட்பாளரைக் கட்சி மாநாட்டில் கூடும் பிரதிநிதிகள், ஒருவருக்குத் தேவையான வாக்குகள் கிடைக்கும்வரை சுற்றுச் சுற்றாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது நல்லதா, வாக்காளர்களே முதல்நிலைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பது நல்லதா? 2024 ஜூலையில் அப்போதைய அதிபர் பைடன் தேர்தல் போட்டியிலிருந்து விலகியதும் இந்தக் கேள்வி மறுபடி கிளம்பியது.

காலம்
மாநாடு: சில நாள்தான். ஆனால் 1924இல் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியினர் 103 சுற்று வாக்கெடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தடித்துத் தேர்ந்தெடுத்த ஜான் டேவிஸ் தேர்தலில் தோற்றுப்போனார்!
முதல்நிலை: மாதக்கணக்கு. செலவும் அப்படியே.

யார் குரல்?
மாநாடு: கட்சிப் பெருந்தலைகளுடையது. 1968இல் அப்போதைய துணை அதிபர் ஹம்ப்ரி ஒரு முதல்நிலைத் தேர்தலில்கூட நிற்காமல் சிகாகோவில் வேட்பாளர் ஆனார். வெளியே தெருவில் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் தடியடி. அந்தக் கசப்பில்தான் விதிகள் மாறின. 1972 முதல் வாக்காளர் கை ஓங்கியது.
முதல்நிலை: வாக்களிக்க வருபவர்களுடையது.

சமரசம்
மாநாடு: இதுதான் அதன் பலம். 1860இல் குடியரசுக் கட்சி மாநாட்டின் முதல் சுற்றில் போட்டியாளர் செவார்டுக்குப் பின்னால் இருந்த லிங்கன், மூன்றாம் சுற்றில் வென்றார்.
முதல்நிலை: பலர் நின்றால் வாக்குச் சிதறும். பலருக்கு இரண்டாவது விருப்பமாக இருப்பவருக்கு வழியில்லை.

சரி, எது எதற்கு? வழக்கமான ஆண்டுக்கு முதல்நிலைத் தேர்தலே போதும்; மாநாடு பெரும்பாலும் டிவிக்கான திருவிழாதான். வேட்பாளர் பாதியில் விலகினால் மட்டும் பிரதிநிதிகள்தான் கதி. கமலா ஹாரிஸை அவர்கள் சிகாகோ மாநாட்டுக்கு முன்பே இணையவழி வாக்கெடுப்பில் வேட்பாளர் ஆக்கிவிட்டார்கள்.