ஸ்டெத்தஸ்கோப், உடல் பொம்மை, ஆட்டு நுரையீரல்: வீட்டில் உடலறிவியல் படித்த இரண்டரை ஆண்டுகள்

உறையூரில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் மூன்று உருவங்கள் ஒட்டியிருக்கின்றன. மூன்றும் என் மகள்தான். ஐந்தரை வயதில் ஒன்று, ஆறரையில் ஒன்று, ஏழரையில் ஒன்று. பழைய மாதக் காலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பி ஒட்டி, அவளை அதன்மேல் படுக்கவைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தவை. முதல் உருவத்துக்குள் அவள் வரைந்தது இரண்டே உறுப்புகள். நெஞ்சின் நடுவில் வாழ்த்து அட்டையில் வருகிற மாதிரி ஓர் இதயம், தொப்புளுக்கு நேரே ஒரு பானை. அதுதான் வயிறாம். மூன்றாவது உருவத்தில் இரைப்பை இடது விலாவுக்குக் கீழே போய்விட்டது, வலப்பக்கம் கல்லீரல் வந்துவிட்டது, நுரையீரல்களில் வலதுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு.

அவள் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில்தான் படிக்கிறாள். உடலறிவியலுக்காக இந்த இரண்டரை ஆண்டில் பல பொருள்கள் வாங்கினேன், சிலதை வீட்டிலேயே செய்தோம். எது நின்றது, எது பரணுக்குப் போனது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்டெத்தஸ்கோப் வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஸ்டெத்தஸ்கோப் வேண்டாம். நர்சிங் மாணவர்கள் வாங்கும் சாதாரண வகை, மருத்துவக் கருவி விற்கும் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதல் நாள் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. காதில் வைக்கும் முனைகளைப் பின்பக்கம் பார்த்தபடி மாட்டியிருந்தோம். அவை மூக்கு இருக்கும் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், காதின் துளை போகும் திசை அதுதான். திருப்பி மாட்டியதும் முகமே மாறிவிட்டது. "அம்மா, உள்ளே யாரோ கதவைத் தட்டுறாங்க" என்றாள். சட்டைமேல் வைத்தால் துணி உரசும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும், தோலின்மேல் வையுங்கள். காதில் மாட்டியிருக்கும்போது நெஞ்சில் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் யாரும் கத்தக் கூடாது, காது வலிக்கும். இந்த ஒரு விதியை மட்டும் எங்கள் வீட்டில் கண்டிப்பாக வைத்திருக்கிறேன்.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டாள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கற்றுக்கொண்டாள், ஆக அதுவே கணக்குப் பாடமும் ஆயிற்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு 94, மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கினால் 140க்கு மேல். அப்பாயிக்கு 72. பக்கத்து வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தைக்கு 136. நோட்டில் மூன்றையும் வரிசையாக எழுதிவிட்டு, "சின்ன ஆளுக்குத்தான் வேகமா அடிக்குது" என்று அவளே கண்டுபிடித்தாள். பச்சிளம் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை துடிப்பது இயல்பு. ஆனால் அந்த எண்ணை நான் முன்னாடியே சொல்லியிருந்தால் அவளுக்கு அது வெறும் எண்தான்.

சாப்பிடுவதற்கு முன்பும் பின்பும் வயிற்றில் வைத்துக் கேட்பது இன்றுவரை தொடர்கிறது. பாரிஸில் 1816இல் லென்னெக் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் மார்பில் நேராகக் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இந்தக் கருவி பிறந்த கதை அதுதான். அதைச் சொன்ன அன்றே சார்ட் பேப்பரைச் சுருட்டி என் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். நன்றாகவே கேட்டது. ஸ்டெத்தஸ்கோப் வாங்கக் கையில் பணம் இல்லை என்றால் இதிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்தது உறுப்புகளைக் கழற்றி மாட்டுகிற உடல் பொம்மை. ஓரடி உயரம், விலை ஸ்டெத்தஸ்கோப்பைப் போலப் பல மடங்கு. முதல் ஆறு மாதம் அதனால் பெரிய பயன் இல்லை. அவளுக்கு அது துண்டு சேர்க்கும் புதிர் விளையாட்டாக இருந்தது. எது எந்தப் பள்ளத்தில் உட்காரும் என்று வேகமாக மாட்டுவாள், ஆனால் தன் உடம்பில் கல்லீரல் எங்கே என்று கேட்டால் தெரியாது. பொம்மை நம்மைப் பார்த்து நிற்கிறது அல்லவா, அதன் வலது நம் இடது. அதனால் தன் கல்லீரல் இடப்பக்கம் இருக்கிறது என்று பல மாதம் நம்பிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள் பொம்மையின் முதுகை அவள் வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, சட்டை போட்டுக்கொண்ட மாதிரி வைத்தேன். அதன் வலக்கை பக்கம் இவள் வலக்கை வந்தது. குழப்பம் அன்றோடு தீர்ந்தது. பொம்மை வாங்கியவர்கள் எல்லாரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பேன்.

குறைகளும் இருக்கின்றன. இரண்டு நுரையீரலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. மண்ணீரலே இல்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ந்து ஒரே கட்டி. எட்டாவது மாதம் இதயத்தைத் தாங்கும் முளை உடைந்தது, விற்றவரிடம் மாற்றுப் பாகம் கேட்டால் தனியாகத் தர முடியாது என்றார். இப்போது களிமண்ணை உருட்டி நிற்கவைத்திருக்கிறோம். ஒன்று சொல்ல வேண்டும், ஏழு வயதுக்கு மேல் அவளே அதைத் தேடி எடுக்கிறாள். மனதில் கேள்வி வந்த பிறகு பொம்மை உதவுகிறது. கேள்வி வரும் முன்பே வாங்கியது என் அவசரம்.

கடையில் வாங்கிய உடலுறுப்புச் சுவர்ப்படத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் உப்பும் புளிப்பும், அடியில் கசப்பு என்று வண்ணம் பிரித்த படம் அதில் இருந்தது. மகள் உப்பைத் தொட்டு நுனியில் வைத்துவிட்டு, "நுனியிலயும் கரிக்குதே" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஹேனிக் என்ற ஜெர்மானியர் 1901இல் வெளியிட்ட ஆய்வைப் பிறர் தவறாகப் புரிந்துகொண்டதிலிருந்து வந்த படம் அது. நாக்கில் சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவையையும் உணரும். இன்றும் அதையே அச்சடித்துக் குழந்தைகளுக்கு விற்கிறார்கள்.

சிரைகளுக்கு, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களுக்கு, நீல வண்ணம் கொடுப்பதும் அப்படி ஒரு சிக்கல். மணிக்கட்டைப் பார்த்தால் நரம்பு நீலமாகத் தெரிகிறது, படத்திலும் நீலம், பிறகு குழந்தை என்ன நினைக்கும்? எனக்கு இரத்தப் பரிசோதனை எடுத்த அன்று அவளையும் கூட்டிப்போய்க் குழாயில் ஏறும் இரத்தத்தைக் காட்டினேன். சிரையிலிருந்து வந்தது கருஞ்சிவப்பு. படத்தில் இருக்கும் நீலம் அடையாளத்துக்கு மட்டும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நரம்பு என்று நாம் பேச்சில் சொல்வது இந்தச் சிரையைத்தான், பாடநூல் சொல்லும் நரம்பு வேறு என்பதையும் அன்றே பேசினோம்.

இந்தச் சொல் விஷயம் நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பெரியதாக இருந்தது. வயிறு என்றால் நமக்கு வெளியே தெரியும் வயிறும் அதுதான், உள்ளே சோறு போகும் பையும் அதுதான். அதனால்தான் தொப்புளுக்கு நேரே பானை வரைந்தாள். இரைப்பை என்ற சொல்லைத் தனியாகக் கொடுத்த பிறகே அந்தப் பானை மேலே ஏறி விலாவுக்கடியில் போனது. நெஞ்சும் அப்படித்தான். இன்னொரு பக்கம், தமிழ்ச் சொற்களே பாதிப் பாடத்தை நடத்திவிடுகின்றன. செவிப்பறை என்றதும் "காதுக்குள்ள பறையா?" என்று கேட்டாள். ஒரு கிண்ணத்தின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டி, மேலே நாலு கடுகைப் போட்டு, பக்கத்தில் தட்டைத் தட்டினோம். கடுகு குதித்தது. அதற்குமேல் விளக்க எனக்கு வேலை இல்லை. பெயர்களை ஆங்கிலத்தில் மட்டும் சொல்லித் தருகிற பெற்றோரிடம் இதை அக்கறையோடு சொல்கிறேன், ஆங்கிலப் பெயர் பின்னால் தானாக வந்துவிடும். அரசுப் பாடநூலை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். ஆறாம் வகுப்பு அறிவியலில் மனித உறுப்பு மண்டலங்கள் என்ற பாடம் இருக்கிறது. அவளுக்கு அது பெரிய வகுப்பு, ஆனால் சரியான சொற்களுக்காக நான் அதைத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

சிறுகுடல் என்ற பெயர் மட்டும் ஏமாற்றியது. பெருங்குடல்தான் நீளம் என்று அடித்துச் சொன்னாள். அப்பாயியின் புதுப் புடவை ஒன்று, ரவிக்கைத் துணி வெட்டாமல் இருந்தது. அதை வாசலிலிருந்து கொல்லைவரை விரித்தோம். ஆறு மீட்டருக்குச் சற்றுக் கூட. வளர்ந்தவர்களின் சிறுகுடல் ஏறத்தாழ அவ்வளவு நீளம். பக்கத்தில் அவள் அப்பாவின் தோள்துண்டைப் போட்டோம். பெருங்குடல் அவ்வளவுதான், ஒன்றரை மீட்டர். சிறு, பெரு என்பது அகலத்தைச் சொல்கிறது என்று அவளுக்கு விளங்கியது. அப்புறம் அந்தப் புடவையை மடித்து மடித்து ஒரு சின்னப் பைக்குள் அவளே அடைத்தாள்.

ஆட்டு உறுப்புகளைப் பற்றி யோசித்துத்தான் எழுதுகிறேன், எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் கறி. முதல் தடவை ஈரலைக் கையில் கொடுத்தபோது அவளுக்கு ஐந்தே முக்கால் வயது. அந்த ஆடு எங்கே என்று கேட்டு அழுதாள். உடனே நிறுத்திவிட்டேன், ஓர் ஆண்டுக்கு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவளே ஒருநாள், "நுரையீரல் நிஜமா எப்படி இருக்கும், பாய் கடையில பார்க்கலாமா?" என்று கேட்ட பிறகுதான் போனோம். வாங்கிவந்ததை வெட்டித் துண்டு போட்டிருந்தார்கள், காற்றடித்துப் பார்த்தால் நிற்கவில்லை. அடுத்த வாரம் முன்கூட்டியே சொன்னேன். "பாப்பா படிக்கிறதுக்கா? அப்ப காலைல வெள்ளனா வாங்கம்மா, கத்தி படாம எடுத்து வைக்கிறேன்" என்றார் பாய். மூச்சுக்குழாயோடு நுரையீரலும் இதயமும் முழுசாகக் கிடைத்தன.

மூச்சுக்குழாயில் அடுக்கடுக்காக வளையங்கள். அவள் தன் கழுத்தைத் தடவிப் பார்த்து, "எனக்கும் இருக்கு" என்றாள். ஒரு ரப்பர் குழாயைச் செருகி நூலால் கட்டி, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்தோம். வாயால் ஊதக் கூடாது, சுத்தம் இல்லை. சுருங்கிக் கருத்திருந்தது விரிந்து வெளிர் ரோஜா நிறமானது. ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதந்தது, ஈரல் துண்டு மூழ்கியது. "அதான் நுரை ஈரலா!" என்று கத்தினாள். கல்லீரல், மண்ணீரல் என்று மற்ற ஈரல்களையும் அன்றே பெயர் பிரித்துப் பார்த்தாள். கடையில் சுவரொட்டி என்று விற்பதுதான் மண்ணீரல் என்றதும் அப்பாயிக்கே ஆச்சரியம்.

இதயத்தை விரலால் அழுத்தினால் ஒரு பக்கம் கெட்டியாக இருக்கும், அது இடது. வெட்டிப் பார்த்தோம், இடப்பக்கச் சுவர் வலதைவிட நன்றாகத் தடித்திருந்தது. வலது பக்கம் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத்தான் தள்ளுகிறது, இடது உடம்பு முழுவதற்கும் தள்ள வேண்டும். உள்ளே வெள்ளை இழைகளால் இழுத்துக் கட்டிய வால்வுகள். ஸ்டெத்தஸ்கோப்பில் கேட்ட கதவுச் சத்தம் இவை மூடும் சத்தம்தான் என்றபோது, ஓடிப்போய் அதை எடுத்துவந்து தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இரண்டரை ஆண்டில் எனக்கு மறக்காத நேரம் அது. பழைய செய்தித்தாள், தனிக் கத்தி, முடிந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுதல், இவை கட்டாயம். ஆட்டின் இரைப்பையை மட்டும் மனித உடலுக்குக் காட்டாதீர்கள். அதற்கு நான்கு அறை, நமக்கு ஒன்றுதான்.

ஆனால் பம்ப் வைத்ததில் ஒரு தவறு நடந்தது. காற்றை யாரோ உள்ளே தள்ளுவதால்தான் நுரையீரல் விரிகிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதைச் சரிசெய்தது காசில்லாத ஒரு பொருள். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, வாயில் ஒரு பலூனை உள்ளே தொங்கவிட்டு, அடியில் இன்னொரு பலூனை இழுத்துக் கட்டுவது. அடிப்பலூனைக் கீழே இழுத்தால் உள்ளே தொங்குவது தானாக உப்பும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்குகிறது, மார்புக்கூடு விரிகிறது, அதனால் காற்று உள்ளே வருகிறது. சைவ வீடுகளில் இதையும் ஸ்டெத்தஸ்கோப்பையும் வைத்தே மூச்சுப் பாடத்தை முழுவதும் நடத்திவிடலாம்.

செல்பேசிச் செயலிகள் இரண்டு போட்டுப் பார்த்தேன். உறுப்புகள் அழகாகச் சுழல்கின்றன. பத்து நாளுக்குமேல் அவள் தொடவில்லை.

ஒருமுறை விழுந்து கையில் அடிபட்டபோது எடுத்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறோம். எலும்பு முனைகளில் இடைவெளி தெரிந்ததும் முறிந்துவிட்டது என்று பயந்துபோனேன். அது வளரும் குருத்தெலும்பு, குழந்தைகளுக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும் என்று மருத்துவர் விளக்கினார். பிறக்கும்போது ஏறத்தாழ 300 ஆக இருக்கும் எலும்புகள் பெரியவர்களில் 206 ஆவது எப்படி என்ற பாடத்துக்கு அந்தப் படத்தைத்தான் ஜன்னலில் ஒட்டினேன். மீதி எலும்பு எங்கே போச்சு என்று கேட்டவள், ஒன்றோடொன்று சேர்ந்துவிடும் என்பதை அதைப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டாள்.

நான்காவது உருவத்தை அடுத்த பிறந்தநாளுக்கு வரைய வேண்டும். காலண்டர் தாள் இப்போதே சேர்த்துவைக்கிறாள், நீளம் போதாது என்கிறாள். சிறுநீரகம் முதுகுப்பக்கம் இருப்பதால் அதை எப்படி வரைவது என்று நேற்று முழுக்க யோசனை. தாளின் பின்பக்கத்தில் வரைந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு குண்டிக்காய் வெட்டாமல் வேண்டும் என்று பாயிடம் சொல்லியாயிற்று.